லடாக்கில் எடுத்த படங்களைப் பொதுவில் போடலாமா? அண்ணனுக்கும் எனக்கும் ஒரு மாதமாக வாக்குவாதம்

மலைவழி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வீட்டுச் சண்டையைப் பொதுவில் கொண்டுவருவதற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் தெரிந்தவர்கள் இங்கே இருப்பதால்தான் கேட்கிறேன்.

எனக்கு வயது 27. சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஐந்து ஆண்டுகளாகப் பெங்களூருவில் மென்பொருள் சோதனைப் பொறியாளராக வேலை. அமெரிக்க நேரத்துக்கு இரவு முழுவதும் கண்விழிக்கும் வேலை என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பையெல்லாம் சேர்த்துவைத்து எங்காவது தொலைவாகப் போய்விட்டு வருவேன். போய்வந்த இடங்களைப் பற்றி ஓர் இணைய இதழில் கட்டுரையும் எழுதுகிறேன். அண்ணன் இராணுவத்தில் சேர்ந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன, இப்போது ஹவில்தார். எங்கே இருக்கிறார் என்பது எங்களுக்கே பாதி நேரம் தெரியாது.

லடாக் போக 2025 மே 10ஆம் தேதிக்கு முன்பதிவு செய்திருந்தேன். 7ஆம் தேதி பாகிஸ்தானுக்கு எதிரான ஆபரேஷன் சிந்தூர் தொடங்கி, வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்கள் மூடப்பட்டபோது லே விமான நிலையமும் அவற்றில் ஒன்றாக இருந்ததால் பயணம் நின்றுபோனது. அந்த நாட்களில் அண்ணனிடமிருந்து அழைப்பே வரவில்லை. அம்மா இரவு முழுவதும் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார். கராச்சித் துறைமுகம் தாக்கப்பட்டுவிட்டது என்று சில அலைவரிசைகள் அன்றிரவு முழங்கியது பொய் என்று மறுநாள் தெரிந்தது. மகன் எங்கே இருக்கிறான் என்று தெரியாத ஒரு தாய்க்கு அந்த முழக்கம் என்ன செய்யும் என்பதை அன்று நேரில் பார்த்தேன்.

பிறகு ஜூன் கடைசியில் அலுவலகத் தோழிகள் மூவருடன் போய்வந்தேன். லே நகரமே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் முதல் இரண்டு நாட்கள் படுத்தே கிடந்தோம். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது என்பதால், நால்வரில் போஸ்ட்பெய்டு வைத்திருந்த ஒருத்தியின் கைப்பேசிதான் அனைவருக்கும் உயிர்நாடி. மூன்றாம் நாள் சாங்லா கணவாய் ஏறி பாங்காங் ஏரிக்குப் போனோம். வழியில் ஒரு பாலத்துக்கு முன்னால், இராணுவக் கான்வாய் (வரிசையாகச் செல்லும் வண்டிகள்) கடந்து போவதற்காக எங்கள் வண்டியை நாற்பது நிமிடம் நிறுத்திவைத்தார்கள். புளிச்சோறு யார் பையில் இருக்கிறது என்று நாங்கள் தமிழில் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டு, ஓரமாக நின்றிருந்த வண்டியிலிருந்து ஒரு படைவீரர் இறங்கி வந்து, “எந்த ஊரும்மா?” என்றார். அவர் விருதுநகர்ப் பக்கம். ஒரு பழைய பாலித்தீன் பையிலிருந்து இரண்டு கை நிறையச் சக்கர்பாரா அள்ளிக் கொடுத்தார். மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பொரித்த, பல்லுக்குச் சவால்விடும் துண்டுகள். ஊரில் மழை உண்டா என்று கேட்டார். அவரே கேட்டதால் எங்களோடு நிற்க வைத்து ஒரு படம் எடுத்தோம். அன்றிரவு விடுதி வைஃபை கிடைத்ததும் அதை அவர் மனைவியின் எண்ணுக்கு அனுப்பிவைத்தேன்.

இப்போது கட்டுரையோடு மூன்று படங்கள் போட நினைக்கிறேன்: பாலம், பாலத்தின் மீது கான்வாய், அந்த விருதுநகர்க்காரரோடு நாங்கள். அண்ணன் மூன்றையும் போடக்கூடாது என்கிறார். விண்வெளியிலிருந்து முப்பது சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியமாகப் படமெடுத்து விற்கும் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. சீனாவிடம் சொந்தச் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. கூகுள் வரைபடத்தைத் திறந்தால் அந்தப் பாலம் எனக்கே தெரிகிறது. இதில் என் கைப்பேசிப் படம் யாருக்கு எதைப் புதிதாகச் சொல்லிவிடப்போகிறது என்று கேட்டேன். “அது வேறு, இது வேறு” என்பதற்கு மேல் அவரிடம் விளக்கம் இல்லை. கேட்கக் கேட்க, “போடாதே என்றால் போடாதே” என்று முடித்துவிட்டார். அம்மா அவர் பக்கம். பெரியப்பாவோ, “கணிப்பொறி தட்டுகிற பிள்ளைக்கு எல்லையைப் பற்றி என்ன தெரியும்” என்று ஒரு சொல் சொன்னார். அது இன்னும் மனதில் முள்ளாகவே இருக்கிறது.

நாட்டின் பாதுகாப்பு விளையாட்டல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் காரணம் சொல்லாமல் விதிக்கப்படும் எந்தக் கட்டுப்பாடும் நாளடைவில் வெறும் பழக்கமாகிவிடும் என்பது என் கருத்து. என் கேள்வி இதுதான்: இந்தப் படங்களால் உண்மையிலேயே ஏதேனும் தீங்கு உண்டா, அல்லது இது சீருடைக்காரர்களின் பழக்கதோஷமா? சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய சிக்னல்காரன்:

வணக்கம் அம்மா. இராணுவத் தகவல்தொடர்புப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி, சுபேதாராக ஓய்வுபெற்றவன் நான். உங்கள் அண்ணன் சொன்னது சரி. சொன்ன விதம்தான் சரியில்லை. எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: ஆணைக்குக் காரணம் கேட்காதே என்று. பணியில் அது உதவும், வீட்டில் உதவாது. அவர் விட்ட காரணத்தை நான் சொல்கிறேன்.

1999இல் கார்கில் போர் நடந்தபோது ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலையின் பக்கம் நான் இருந்தேன். அந்தச் சாலை எங்கே இருக்கிறது என்பது ரகசியமே அல்ல. பள்ளி நிலவரைபடத்திலேயே இருக்கும். ஆனால் திராஸுக்கு மேலே தோலோலிங் முகட்டில் எதிரி உட்கார்ந்திருந்தபோது, கீழே எந்த வண்டி எப்போது போகிறது என்பதை அவன் கண்ணால் பார்த்து, பீரங்கிக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது. அதனால்தான் வண்டிகள் இரவில் முன்விளக்கை அணைத்துவிட்டு, ஓரடி தவறினால் பள்ளம் என்ற சாலையில் ஊர்ந்து போயின. ஜூன் நடுவில் தோலோலிங்கையும், ஜூலை 4ஆம் தேதி டைகர் மலையையும் மீட்டெடுத்த பிறகுதான் அந்தச் சாலைக்கு மூச்சு வந்தது. அங்கே சாலை தெரிந்ததால் ஆபத்து வரவில்லை. நேரம் தெரிந்ததால் வந்தது.

உங்கள் படத்திலும் அதுவே பொருந்தும். பாலம் எங்கே என்பதை வானத்திலிருந்து எவரும் பார்க்கலாம். ஜூன் மாதம் இந்தத் தேதியில், பகல் இத்தனை மணிக்கு, இன்ன வகை வண்டிகள் இத்தனை, இன்ன திசையில் போயின என்பதை நீங்கள்தான் சொல்கிறீர்கள். ஒருவர் சொன்னால் ஒன்றுமில்லை. அந்தச் சாலையில் ஒரு பருவத்தில் எத்தனை பயணிகள் வருகிறார்கள், அவர்கள் எத்தனை பேர் அன்றன்றே படம் போடுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதையெல்லாம் பொறுமையாகச் சேர்த்து அடுக்கினால், கான்வாய் எந்தக் கிழமையில் போகும், எங்கே நிற்கும் என்று ஒரு கால அட்டவணையே போட்டுவிடலாம்.

2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போது நரிமன் இல்லத்தின் கூரையில் கமாண்டோக்கள் இறங்கியதைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டின. தாக்கியவர்களுக்குத் தொலைபேசியில் கட்டளையிட்டவர்கள் எல்லைக்கு அப்பால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2012 ஆகஸ்டில் கசாப் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் அந்த ஒளிபரப்பைக் கடுமையாகவே கண்டித்தது. அந்தக் கட்டடமும் யாருக்கும் ரகசியம் இல்லைதான்.

ஆனால் அம்மா, நீங்கள் பாலத்தைப் பற்றியும் கான்வாயைப் பற்றியும் மட்டும் வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது மூன்றாவது படம். அவருடைய மார்பில் பெயர்ப்பட்டை தெரிகிறதா? பின்னால் நிற்கும் வண்டியின் முகப்பில் வண்ணச் சின்னம் ஏதாவது தெரிகிறதா? அந்தச் சின்னம் தெரிந்தால் எந்தப் படைப்பிரிவு என்று தெரிந்துவிடும். பெயர், முகம், பிரிவு, இடம், நாள் ஆகிய ஐந்தும் ஒரே படத்தில் இருக்கின்றன. அவருடைய மனைவியின் எண் வேறு உங்கள் கையில் இருக்கிறது. பெண் பெயரில் கணக்குத் தொடங்கிப் படைவீரர்களைப் பேச்சில் மயக்கித் தகவல் கறக்கிறவர்களுக்கு முதலில் வேண்டியது இப்படிப்பட்ட ஓர் ஆள்தான். விசாகப்பட்டினத்தில் அப்படி ஒரு வலை பிடிபட்ட பிறகு, 2019 டிசம்பரில் கடற்படை தன் தளங்களிலும் கப்பல்களிலும் திறன்பேசியையே தடைசெய்தது. 2020 ஜூலையில் இராணுவம் 89 செயலிகளைக் கைப்பேசியிலிருந்து நீக்கச் சொன்னது; முகநூலும் இன்ஸ்டாகிராமும் அந்தப் பட்டியலில் இருந்தன. உங்கள் அண்ணன் கூப்பிடாத நாட்களுக்குப் பின்னால் இதெல்லாம் இருக்கிறது.

நிலவரை:

புவியியல் தகவல் துறையில் வேலை செய்கிறேன். செயற்கைக்கோள் படங்களைப் படிப்பதுதான் என் சம்பளம். கேட்டவர் சொல்வதில் பாதி உண்மை என்பதால் அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2005 அக்டோபரில், அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் ஐதராபாத்தில் காவல்துறை அதிகாரிகளிடையே பேசும்போது, கூகுள் எர்த் படங்கள் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல் என்று கவலை தெரிவித்தார். அன்று அது நியாயமான கவலை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 2021 பிப்ரவரியில், நிலவரைபடத் தரவுகளுக்கான கட்டுப்பாடுகளை இந்திய அரசே பெருமளவு தளர்த்தியது. உலகம் முழுவதும் எளிதில் கிடைப்பதை இந்திய நிறுவனங்களுக்கு மட்டும் பூட்டிவைப்பதில் பொருளில்லை என்பதே அதன் சாரம். ஆகவே “எல்லாம் வானத்திலிருந்து தெரிகிறதே” என்ற வாதத்தில் தவறில்லை.

தவறு “எல்லாம்” என்ற சொல்லில் இருக்கிறது. மேலிருந்து பார்க்கும் கருவிக்குக் கூரை தெரியும், சுவர் தெரியாது. நாள்தோறும் உலகம் முழுவதையும் எடுக்கும் வணிகச் செயற்கைக்கோள் படங்களில் ஒரு புள்ளி ஏறத்தாழ மூன்று மீட்டர். அதில் ஒரு லாரி இரண்டு மூன்று புள்ளிகளாகத்தான் விழும். முப்பது சென்டிமீட்டர் படமெடுக்கும் செயற்கைக்கோள் எப்போதும் ஒரே இடத்தின் மேல் நிற்பதில்லை. கடந்து போகும் சில நொடிகளில் எடுத்ததுதான் படம், அந்த நேரத்தில் மேகம் இருந்தால் அதுவும் இல்லை. பாலத்தின் ஓரத்தில் செங்குத்தாக நட்டிருக்கும் பலகை அதற்கு ஒரு கோடாகக்கூடத் தெரியாது. கேட்டவர் தன் முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கட்டும். மலைச் சாலைப் பாலங்களில், எவ்வளவு எடையுள்ள வண்டியைத் தாங்கும் என்ற சுமை வகுப்பு எண் எழுதிய பலகை ஒன்று நுழைவாயிலிலேயே நிற்கும். எந்த டாங்கி அந்தப் பாலத்தைக் கடக்கும், எது கடக்காது என்பதை அந்த ஒரே எண் சொல்லிவிடும்.

பெரியவர் சொன்ன “சேர்த்து அடுக்குவது” கற்பனையல்ல. ஓட்டப்பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலி, 2017 நவம்பரில் தன் பயனர்கள் ஓடிய தடங்களையெல்லாம் ஒளிரும் வரைபடமாக வெளியிட்டது. இரண்டு மாதம் யாரும் கவனிக்கவில்லை. 2018 ஜனவரியில் ஓர் ஆஸ்திரேலிய மாணவர் அதைப் பார்த்துவிட்டு, ஆப்கானிஸ்தானிலும் சிரியாவிலும் ஆளில்லாப் பாலைவனத்துக்கு நடுவே ஒளிரும் செவ்வகங்கள் அமெரிக்கப் படைத்தளங்கள் என்று சுட்டிக்காட்டினார். ஓடியவர்களில் ஒருவரும் தான் ரகசியத்தை வெளியிடுவதாக நினைத்திருக்க மாட்டார்.

தொழில்நுட்பமாக இன்னொன்று. கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த நொடியும், அனுமதி கொடுத்திருந்தால் அட்சரேகை தீர்க்கரேகையும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அவை கழன்றுவிடும். தரம் குறையாமலிருக்க “டாகுமெண்ட்” என்று அனுப்பினால் அப்படியே போகும். இணைய இதழுக்குப் பெரும்பாலும் மூலக்கோப்பைத்தான் அனுப்புவீர்கள், இல்லையா?

சட்டம் கேட்டீர்கள். 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட இடத்தை அணுகுவது, எதிரிக்குப் பயன்படக்கூடிய வரைபடம் முதலியவற்றை ஆக்குவது, அவற்றைப் பிறருக்குக் கொடுப்பது ஆகியவற்றை மூன்றாம் பிரிவு குற்றமாக்குகிறது. ஆனால் நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடான நோக்கத்துடன் செய்திருக்க வேண்டும் என்பது அதன் தொடக்கச் சொற்களிலேயே இருக்கிறது. இராணுவ நிலைகள் தொடர்பானதென்றால் தண்டனை பதினான்கு ஆண்டுகள் வரை. சுற்றுலாப் பயணிக்கு அந்த நோக்கம் இல்லை என்பது வெளிப்படை என்றாலும், குறிப்பிட்ட ஒரு செயலால் நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, சூழ்நிலையை வைத்தே முடிவு செய்யலாம் என்று அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்வதையும் மறந்துவிடக் கூடாது. படம் எடுக்கக் கூடாது என்ற பலகை இருக்கும் இடத்தில் எடுத்துவிட்டு நோக்கத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

கீழக்கரைக் காற்று:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் மறுபக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன். கேட்ட தோழியின் சந்தேகத்தைப் பழக்கதோஷம் என்ற அளவில் விட்டுவிடக் கூடாது. அது குடிமகனின் உரிமை சார்ந்த கேள்வி.

நான் இராமநாதபுரம் மாவட்டத்துக்காரன். 2020 ஜூன் 15ஆம் தேதி இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் இறந்த 20 இந்திய வீரர்களில் ஹவில்தார் பழனி எங்கள் மாவட்டத்துக் கடுக்கலூரைச் சேர்ந்தவர். அவருக்கு வீர் சக்ரா விருது பின்னர் அறிவிக்கப்பட்டது. அவர் உடல் ஊருக்கு வந்த நாளில் எங்களுக்குள் ஒரே கேள்விதான் இருந்தது: அங்கே உண்மையில் என்ன நடக்கிறது? நம் எல்லைக்குள் யாரும் நுழையவில்லை என்று 19ஆம் தேதி அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் பிரதமர் சொன்னார். அப்படியென்றால் மோதல் எங்கே, எதற்கு நடந்தது என்ற கேள்விக்கு, கூடாரங்களையும் வண்டிகளையும் காட்டிய வணிகச் செயற்கைக்கோள் படங்களும் அவற்றைப் படித்துச் சொன்ன தனிமனிதர்களும்தான் ஓரளவு விடை தந்தார்கள். சீனாவோ தன் பக்கம் நால்வர் இறந்ததை ஒப்புக்கொள்ளவே எட்டு மாதம் எடுத்துக்கொண்டது. லடாக் எல்லையில் தெப்சாங், தெம்சோக் பகுதிகளில் ரோந்து பற்றிய உடன்பாடு 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபோதுதான், அதுவரை அங்கே ரோந்து போக முடியாமல் இருந்தது என்பது பலருக்கு உறைத்தது. எதிரிக்குத் தெரியும், அவன்தானே எதிரே நிற்கிறான். தெரியாமல் இருந்தது வரி கட்டும் நமக்கு.

பயணியின் படம் எப்போதும் தீங்கு என்பதும் சரியல்ல. 2021 டிசம்பர் 8ஆம் தேதி குன்னூர் அருகே தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்தபோது, மலை ரயில் தண்டவாளத்தின் ஓரம் நின்ற சுற்றுலாப் பயணியர் எடுத்த சில நொடிக் காணொளியில்தான் அது மூடுபனிக்குள் மறைந்தது பதிவானது. காவல்துறையே அந்தக் கைப்பேசியை வாங்கி ஆய்வுக்கு அனுப்பியது.

இன்னொரு முரணையும் பாருங்கள். எல்லையோரச் சிற்றூர்களுக்கு ஆள் வர வேண்டும் என்று 2023இல் 4,800 கோடி ரூபாயில் ஒரு திட்டம். போர்க்களங்களைப் பொதுமக்கள் பார்க்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் இன்னொரு திட்டம், அதில் கல்வானும் உண்டு. விருந்துக்கு அழைத்துவிட்டுக் கண்ணைக் கட்டிக்கொள் என்றால் எப்படி? எங்கே எடுக்கலாம், எங்கே கூடாது, எத்தனை நாள் கழித்து வெளியிடலாம் என்று ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதிக் கையில் கொடுக்க அரசுக்கு என்ன தடை?

பழைய சிக்னல்காரன்:

தம்பி, பழனியின் பெயரைச் சொன்னதற்கு நன்றி. நீங்கள் சொல்லும் உரிமையை நான் மறுக்கவில்லை. அரசு மழுப்பியது என்றால் கேளுங்கள், நாடாளுமன்றத்தில் கேட்க வையுங்கள். ஆனால் எல்லையில் எவ்வளவு நிலம் கையில் இருக்கிறது என்பது குடிமகனுக்குத் தெரிய வேண்டிய செய்தி. நேற்று மதியம் எந்த வண்டி எந்தப் பாலத்தில் நின்றது என்பது குடிமகனுக்கு எதற்கும் உதவாத செய்தி. அது உதவுவது ஒருவனுக்குத்தான். குன்னூர்க் காணொளியும் விபத்து நடந்த பின்தான் பயன்பட்டது. எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னீர்களே, அதில் நான் உங்கள் கட்சி. செக்போஸ்டில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகையை நட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டது உண்மை.

குவார்ட்டர்ஸ் எண் நான்கு:

தங்கைக்கு வணக்கம். என் கணவர் இப்போது குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள முடியாத ஃபீல்டு போஸ்டிங்கில் இருக்கிறார். பிள்ளைகளோடு நான் ஃபேமிலி குவார்ட்டர்ஸில் இருக்கிறேன். மற்றவர்கள் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். அந்தப் படத்தை அவர் மனைவிக்கு அனுப்பினீர்களே, அதற்குப் பிறகு அது எங்கே போனது?

மாதக்கணக்கில் கணவன் முகத்தைப் பார்க்காதவளுக்கு, யாரோ முகம் தெரியாத பெண் அனுப்பிய ஒரு படத்தில் அவர் சிரித்துக்கொண்டு நின்றால், அவள் என்ன செய்வாள் என்று நினைக்கிறீர்கள்? அம்மாவுக்கு அனுப்புவாள், மாமியாருக்கு அனுப்புவாள், ஸ்டேட்டஸில் வைப்பாள். நானும் ஒருமுறை வைத்தேன். பனியில் நிற்கும் படம், கீழே ஓர் இதயக்குறி, அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் அவருடைய யூனிட்டிலிருந்து இன்னொருவரின் மனைவி என்னைக் கூப்பிட்டு, “அக்கா, உடனே எடுத்துவிடுங்கள், அண்ணனைக் கேள்வி கேட்பார்கள்” என்றாள். எடுத்துவிட்டேன். அன்று இரவு அவர் பேசியபோது திட்டவில்லை. பேசாமலிருந்தார், அதுதான் வலித்தது. எங்கள் குவார்ட்டர்ஸில் படங்களைக் கைப்பேசியில் வைத்துக்கொள்வதில்லை என்று அதற்குப் பிறகு நாங்களாகவே ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கடையில் அச்சுப்போட்டு அலமாரிக்குள் வைத்துக்கொள்கிறோம்.

அவரே கேட்டு எடுத்த படம் என்று உங்களுக்குச் சமாதானம் இருக்கலாம். அந்த உயரத்தில், ஊர்ப் பேச்சைக் கேட்ட நிமிடத்தில் அவருக்கு விதி நினைவுக்கு வந்திருக்காது, தங்கை. அதனால்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மலைவழி:

பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. மூன்று நாட்களாக இந்த இழையைப் படித்துவிட்டுப் படங்களைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பாலத்தின் படத்தில் பலகை இருக்கிறது. மஞ்சள் நிறம், பெரிதாக்கினால் எண் தெளிவாகவே தெரிகிறது. எடுத்த அன்று அது ஏதோ வேகக் கட்டுப்பாடு என்று நினைத்திருந்தேன். சுபேதார் ஐயா கேட்ட பெயர்ப்பட்டையும் தெரிகிறது. அவர் தோளுக்குப் பின்னால் வண்டியின் சின்னத்தில் பாதி தெரிகிறது. இடத்தைப் பதிவு செய்யும் வசதி என் கைப்பேசியில் திறந்தேதான் இருந்தது. என் வேலையே பிறர் எழுதிய மென்பொருளில் அவர்கள் பார்க்கத் தவறிய ஓட்டையைக் கண்டுபிடிப்பது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கீழக்கரைக் காற்று எழுதியதோடு எனக்கு இன்னும் உடன்பாடு உண்டு. காரணம் கேட்ட என்னிடம் “அது வேறு, இது வேறு” என்று சொன்ன அண்ணனிடமும் அதைச் சொன்னேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை அவர் அழைத்தபோது, ஐயா எழுதிய கார்கில் பகுதியை முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. இணைப்பு துண்டித்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு, “இதை எனக்கே யாரும் இப்படிச் சொன்னதில்லை” என்றார்.

குவார்ட்டர்ஸ் அக்கா கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் மூன்று நாட்கள் ஆயின. அந்த விருதுநகர் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். என்னை நினைவு வைத்திருந்தார். ஊருக்கு வந்தால் வீட்டுக்கு வர வேண்டும் என்றார். தயங்கித் தயங்கிக் கேட்டேன். படம் கிடைத்த அன்றே ஸ்டேட்டஸில் வைத்தாராம். அறுபத்து மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். “அவுங்க இம்புட்டு சிரிச்சு நான் பாத்ததே இல்லம்மா, அதான் வச்சேன்” என்றார். அவர்களில் யாராவது திரைப்பிடி எடுத்தார்களா என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெயர்ப்பட்டையும் வண்டியும் தெரியாதபடி வெட்டிய படத்தை இன்று அனுப்பியிருக்கிறேன். பழையதை அழித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

கட்டுரை அடுத்த வாரம் வருகிறது. ஆசிரியர் படம் கேட்டுக்கொண்டே இருந்ததால் கர்துங்லா கணவாயின் உயரப் பலகையை அனுப்பிவைத்தேன். அந்தக் கணவாயின் உயரம் 18,380 அடி என்று பல ஆண்டுகள் எழுதிவைத்திருந்தார்கள். கருவி வைத்து அளந்தவர்கள் 17,582 அடிதான் என்கிறார்கள். அந்தத் தகவலை மட்டும் எதிரிக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று அண்ணன் அனுமதித்திருக்கிறார்.